ஏழரைக் கோடிக்குக் கீழே

கும்மிடிப்பூண்டி,
12.10.2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு அண்ணன் ராபின் எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் உன் அண்ணி கிறிஸ்டினாவும் மகள் பிரின்சியும் சுகமாக இருக்கிறோம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போன வாரம் நீ போனில் பேசியது எனக்குத் தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரிதான் விழுந்தது. நீ சொன்னதை அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து உரக்கச் சொன்னாள். அவள் சொன்னதும் விளங்கவில்லை. போனில் எழுதலாம் என்றால் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று விழுகிறது. அதனால் இனிமேல் கடிதம்தான். நீயும் அப்படியே எழுது.

ரோலிங் மில்லில் என் கணக்கை முடித்துவிட்டார்கள். ஓய்வுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, கிரேன் மணி காதில் விழாத ஆளை உள்ளே விடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியதில் தவறில்லை. முப்பத்தோரு வருடம் அந்தச் சத்தத்தில் நின்றதால்தான் காது போனது என்று நான் சொன்னேன். சிரித்தார்கள். கோபம் வரவில்லை பாப்பா. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது லட்சம் வந்திருக்கிறது. அதில் பத்து லட்சத்தை உன் கம்பெனியில் போடலாம் என்று இருக்கிறேன். கடனாக இல்லை, பங்காக. ஓடுகிற பம்பின் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டால் பேரிங் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடலாம் என நான் உனக்குக் காட்டியதைத்தான் நீ பெட்டியாகச் செய்திருக்கிறாய். அதில் ஒரு மூலையிலாவது நானும் இருக்க ஆசைப்படுகிறேன். மீதிப் பணம் பிரின்சியின் நர்சிங் படிப்புக்கும் கூரைக்கும் போதும்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எழுது.

உன் அண்ணன்,
ராபின்

*

காக்களூர்,
21.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு ஹெலன் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. நான் சுகம். முதுகுவலி மட்டும் என்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்கிறது. அண்ணிக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? மாத்திரையை நிறுத்திவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்.

மில்லில் நடந்ததைப் படித்துவிட்டு ஷெட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். இங்கே ஏழு பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் எதிரில் அழக்கூடாது இல்லையா?

பணத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் இப்போது ஒரு ஃபண்டு வழியாக முதலீடு திரட்டுகிறேன். பொதுச் சந்தையில் விற்கிற பங்கு இல்லை இது. தனியாக, ஆளைப் பார்த்துக் கொடுப்பது. புதிதாக வந்திருக்கும் விதிப்படி அந்த ஃபண்டில் ‘அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்’, அதாவது தகுதி பெற்ற முதலீட்டாளர் என்று சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் சேர முடியும். வருடத்துக்கு இரண்டு கோடி வருமானம் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏழரைக் கோடி சொத்து இருக்க வேண்டும். குடியிருக்கும் வீடு அதில் சேராது. ஏழரையிலும் பாதி, வங்கி, பங்கு என்று பணமாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட தொழிலில் போட்ட பணம் முழுதும் போனாலும் தாங்கக்கூடியவர்கள் மட்டும் வரட்டும் என்பதற்காக வைத்த விதி.

அதனால் உன்னைச் சேர்க்க வழியில்லை அண்ணா. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பணத்தை வங்கியிலோ தபால் நிலையத்திலோ போட்டு வை. பிரின்சி படிக்கட்டும்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தங்கை,
ஹெலன்

*

கும்மிடிப்பூண்டி,
9.11.2025

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

இங்கே மூவரும் சுகம். மழை பிடித்துக்கொண்டது. சிப்காட் ரோட்டில் முழங்கால் அளவு தண்ணீர். உன் ஷெட்டுக்குள் தண்ணீர் வராமல் இருக்கிறதா?

நீ எழுதியதைப் படித்த பிறகும் மனம் கேட்கவில்லை. என்னோடு மில்லில் இருந்தானே லோகு, அவனைக் கூட்டிக்கொண்டு ஆடிட்டர் அன்புசெல்வனிடம் போனேன். எனக்குக் காது கேட்காது என்பதால் ஆடிட்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். பாஸ்புக்கையும் வீட்டுப் பத்திரத்தையும் எடுத்து வைத்தேன். வீட்டை எழுதி, அதன் மேலேயே கோடு போட்டார். கிறிஸ்டினாவின் நகை, என் பைக், பத்தொன்பது லட்சம் எல்லாவற்றையும் கூட்டினார். இருபத்து மூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. அதற்குப் பக்கத்தில் ஏழரைக் கோடி என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார். மனிதர் நல்லவர். பணம் எதுவும் வாங்கவில்லை.

வெளியே வந்ததும் லோகு என் காதுக்குள் கத்தினான். “ஏழரைன்னாலே நம்மளுக்கு சனிதான்டா. அது வருசமா வந்தா இன்னா, கோடியா வந்தா இன்னா?”

சிரித்துக்கொண்டே டீ குடித்தோம். முப்பத்தோரு வருடத்தில் எனக்கு எதற்கெல்லாமோ தகுதி இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கணக்குப் போட்டுக் காட்டியது இதுதான் முதல் தடவை.

சரி, விடு. நீ உன் வேலையைப் பார். உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்,
ராபின்

*

காக்களூர்,
15.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாக இருக்கிறீர்களா? கிறிஸ்துமஸுக்கு வர முடியாது போலிருக்கிறது. கேக்கும் பிரின்சிக்கு ஒரு சுடிதார் துணியும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஃபண்டு பணம் வந்துவிட்டது. ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஐந்து பேர் சென்னைக்காரர்கள். ஆறாவது ஆள் உங்கள் ஊர். குப்புராஜ் என்று பெயர், பழைய இரும்பு மண்டி வைத்திருக்கிறாராம். ஆந்திராப் பக்கமும் யார்டு இருக்கிறதாம். உனக்கு அவரைத் தெரியுமா? கடைசி நாளில்தான் சான்றிதழோடு வந்து சேர்ந்தார். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மற்ற ஐந்து பேரும் கேட்ட கேள்வியில் எனக்குத் தலைவலியே வந்துவிட்டது.

பணம் வந்தால் தூக்கம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. பழைய பாக்கிகளுக்கே நிறையப் போய்விட்டது.

பண்டிகையைச் சந்தோஷமாகக் கொண்டாடுங்கள். ஜெபத்தில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தங்கை,
ஹெலன்

*

கும்மிடிப்பூண்டி,
2.1.2026

அன்புத் தங்கை ஹெலனுக்குப் புத்தாண்டு வாழ்த்து.

நாங்கள் சுகம். கேக் வந்தது. துணியும் வந்தது. பிரின்சி அதைத் தைத்துப் போட்டுக்கொண்டுதான் வருடப் பிறப்பு நள்ளிரவு வாட்ச் நைட் ஆராதனைக்கு வந்தாள். எனக்குப் பிரசங்கம் விழவில்லை. பாட்டு மட்டும் பெஞ்சின் அதிர்வில் தெரிந்தது.

குப்புராஜைத் தெரியும். நல்ல மனிதர்.

இந்த மாதம் எத்தனை பெட்டி போகிறது? மீஞ்சூர்ப் பக்கத்து ஆர்டர் வந்ததா? அது கடல் பக்கம், உப்புக் காற்றில் அலுமினியம் நிற்காது. பெட்டியின் மூடியை வேறு எதிலாவது செய்ய முடியுமா என்று பார். தண்ணீர் புகாமல் அடைக்கும் கேஸ்கெட் ரப்பரை இரண்டு மடங்கு போடு. பெட்டியைப் பம்பின் அடிக்கட்டையில் பொருத்தாமல் பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டின் மேலேயே பொருத்தச் சொல். அங்கேதான் முதல் சத்தம் வரும். நான் நேரில் வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா? காது இல்லாவிட்டாலும் கை வைத்தால் அதிர்வு தெரிகிறது. ரயிலில் சென்ட்ரல் போய் மாறி வந்து திரும்ப முக்கால் நாள் ஆகும். எனக்கு இப்போது நேரத்துக்கா பஞ்சம்?

மாதாமாதம் எப்படிப் போகிறது என்று மறக்காமல் எழுது. நல்லதோ கெட்டதோ, எழுது.

அண்ணன்,
ராபின்

*

காக்களூர்,
8.3.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை அப்படி எழுத மனம் வரவில்லை.

மாதாமாதம் எழுதச் சொன்னாய். எழுத நல்லது எதுவும் இல்லாததால்தான் எழுதவில்லை. நீ வருகிறேன் என்றதற்கும் பதில் போடவில்லை. வந்தால் பார்த்துவிடுவாய். போன வாரம் ஒரே நாளில் நாற்பது பெட்டிகள் திரும்பி வந்தன. நீ சொன்னபடி மூடியை மாற்றினேன், கேஸ்கெட்டை மாற்றினேன். அதற்கு முன்பே விற்றவை எல்லாம் உப்பில் அரித்துவிட்டன. ஒன்றுமில்லாததற்கெல்லாம் மணி அடிக்கின்றன. ஒரு பம்பு நிஜமாகவே நின்றபோது மட்டும் அடிக்கவில்லை. பெரிய கம்பெனி ஒன்று இதே மாதிரிப் பெட்டியைப் பாதி விலைக்குக் கொடுக்கிறது. இன்னும் மூன்று மாதம் தாங்கினால் அதிகம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் அண்ணா. அக்டோபரில் உன் கடிதம் வந்தபோதே பன்னிரண்டு பெட்டிகள் திரும்பி வந்திருந்தன. ஃபண்டுக்காரர்களுக்கு அதை எழுத்தில் கொடுத்தேன். தெரிந்துதான் போட்டார்கள். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

இன்னொன்று. அந்தச் சான்றிதழ் விதி ஃபண்டுக்குத்தான். நான் நினைத்திருந்தால் உன்னைக் கம்பெனியில் நேராகவே பங்குதாரராகச் சேர்த்திருக்கலாம். தெரிந்த ஆட்களுக்கு அப்படிப் பங்கு கொடுக்கச் சட்டம் இருக்கிறது. அதை மறைத்து விதியைக் காட்டி உன்னை அனுப்பினேன். அந்த ஆறு பேர் போட்ட பணம் போனாலும் சாயங்காலம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நீ அப்படி இல்லை.

நல்லவேளை, உன் பணம் இதில் இல்லை. ராத்திரி படுக்கும்போது இந்த ஒன்றை நினைத்துத்தான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். பொய் சொன்னதற்கு மன்னித்துவிடு.

ஹெலன்

*

கும்மிடிப்பூண்டி,
17.5.2026

அன்புத் தங்கை ஹெலனுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். எழுதத் தாமதமாகிவிட்டது. வெயில் அதிகம்.

மன்னிக்க ஒன்றும் இல்லை.

மூடுவதென்றால் மூடிவிடு, இழுத்துக்கொண்டே போகாதே. வேலை செய்தவர்களின் சம்பளத்தை முதலில் கொடு. எங்கள் மில்லில் ஒரு தடவை அதைக் கடைசியில் வைத்தார்கள். அப்போது பட்டது எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு சின்ன வேலை கிடைத்திருக்கிறது. இரும்பு மண்டியில் எடை மேடைச் சீட்டைச் சரிபார்ப்பது. காது தேவையில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

ராபின்

*

கும்மிடிப்பூண்டி,
11.6.2026

அன்புள்ள நாத்தனார் ஹெலனுக்குக் கிறிஸ்டினா எழுதிக்கொள்வது.

நீ சுகமா? நான் கடிதம் எழுதிப் பழகாதவள். பிரின்சியிடம் சொல்லி எழுத வைக்கலாம் என்றால் அவளுக்கும் நேரமில்லை. அதனால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

கம்பெனியை மூடிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் எத்தனை நாள் நான் வாயை மூடிக்கொண்டிருப்பது?

உன் அண்ணன் பணம் உன் கம்பெனியில்தான் இருந்தது. டிசம்பரில் குப்புராஜிடம் போய்க் கொடுத்தார். குப்புராஜிடம் அந்தச் சான்றிதழ் இருக்கிறது. அவர் பெயரில் போட்டுக்கொண்டார்கள். பெரிய மனிதர் பெயரைப் போட்டுச் சேருவதற்குப் பத்து லட்சம் சின்னத் தொகை என்று சொல்லிப் பதினைந்தாகக் கொடுத்தார். நான் தடுத்தேன். “அவ என் தங்கச்சி. அவ கையில இருந்தா பேங்குல இருக்கிற மாதிரிதான்” என்றார். உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் வேதத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுத முடிகிறது.

மிச்சம் இருந்தது கூரைக்கும் வீட்டுச் செலவுக்கும் சரியாகிவிட்டது. பிரின்சி நர்சிங் சீட்டை விட்டுவிட்டாள். ஏப்ரலிலிருந்து போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். நின்றபடியே எட்டு மணி நேரம். வந்தால் கால் வீங்கியிருக்கிறது. ஒரு வார்த்தை பேசுவதில்லை. அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவருக்குக் காது கேட்காது. ஒருத்திக்குப் பேசப் பிடிக்கவில்லை.

நான் எழுதியதை அவரிடம் சொன்னாலும் சரி, சொல்லாவிட்டாலும் சரி. எனக்குப் பயம் இல்லை. களைப்புதான்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கிறிஸ்டினா

*

திருவள்ளூர்,
18.6.2026

அண்ணா,

அண்ணி எழுதிவிட்டார்கள். அவர்களைக் கோபிக்காதே.

நேற்றுக் கும்மிடிப்பூண்டி வந்தேன். உன் வீட்டுக்கு வரத் தைரியம் இல்லை. குப்புராஜின் யார்டுக்குப் போனேன். எடை மேடையில் நீ எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சீட்டு பார்த்துக்கொண்டிருந்தாய். கூப்பிட்டால் கேட்காது என்பதால் நிற்கவும் முடிந்தது, கடந்து போகவும் முடிந்தது.

குப்புராஜிடம் கத்திவிட்டேன். அடுத்தவர் பணத்தைத் தன் பெயரில் போடுவது விதிப்படி தப்பு, அந்தச் சான்றிதழையே பறித்துவிடுவார்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். பிறகு சொன்னார்: “நாலு வருசம் என் இரும்பு வெட்ற ஷியரிங் மிஷினு நிக்காம ஓடுச்சின்னா உங்க அண்ணன் காதாலதாம்மா. ஞாயித்துக்கெழமைல வந்து பாத்துக் குடுத்துட்டுப் போவாரு, ஒரு டப்பு காசு வாங்க மாட்டாரு. அந்த மனுசன் என்கிட்ட வாய்தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். நான் எப்டி இல்லேன்றது?”

அதற்கு மேல் நிற்காமல் கிளம்பி வந்துவிட்டேன்.

ஏன் அண்ணா இப்படிச் செய்தாய்? மார்ச்சில் உன் பணம் இதில் இல்லை என்று ஆண்டவருக்கு நன்றி சொல்லி எழுதினேனே, அதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைசியில் மிஷின்களை விற்று வந்த பணத்தில் ஏதாவது எடுத்து வைத்திருப்பேன். எல்லாம் சம்பளத்துக்கும் வங்கிக்கும் போய்விட்டது. ஆறு பேருக்கும் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. அதில் ஒருவன் நீ என்று எனக்குத் தெரியாது.

மீஞ்சூர்ப் பக்கம் ஒரு ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூலை முதல் தேதி சேர்கிறேன். மாதம் இருபதாயிரம் உனக்கு அனுப்புகிறேன். ஆறு வருடம், கொஞ்சம் கூடுதலாக ஆகும். மறுக்காதே.

ஹெலன்

*

கும்மிடிப்பூண்டி,
5.7.2026

அன்புத் தங்கை ஹெலனுக்கு அண்ணன் ராபின் எழுதுவது.

சுகம். புது வேலை எப்படி இருக்கிறது? அங்கே பம்புகள் பக்கம் போனால் காதுக்கு மூடி போட்டுக்கொள். மறந்தும் போடாமல் போகாதே.

நீ யார்டுக்கு வந்ததைக் குப்புராஜ் சொல்லிவிட்டார். முதுகைப் பார்த்துவிட்டுப் போனாயே. முகத்தையும் பார்த்திருக்கலாம்.

ஏன் என்று கேட்டாய். ஆடிட்டர் எனக்கு எழுதிக் காட்டிய தாள் ஞாபகம் இருக்கிறதா? ஏழரைக் கோடிக்குக் கீழே அவர் இன்னொரு வரியும் எழுதியிருந்தார். உங்கள் தங்கை விரும்பினால் ஃபண்டு இல்லாமல் நேராகவே பங்கு கொடுக்கலாம் என்று. அதை உனக்கு எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் இருக்காது என்று நினைத்தேன். தெரிந்தும் சொல்லவில்லை என்றால் நான் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? படித்தவர்கள் உட்காரும் இடத்தில் செவிட்டு ஃபிட்டர் அண்ணன் எதற்கு என்று நினைத்துவிட்டாயோ என்று எனக்குள் ஓடியது. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிவரும். அதனால் கேட்காமல் பின்வாசல் வழியாக வந்தேன்.

நீ கொடுத்த தாள்களில் பெட்டி திரும்பி வந்தது எழுதியிருந்ததாமே. குப்புராஜ் படிக்கவில்லை. நானும் கேட்டு வாங்கவில்லை. வாங்கிப் படித்திருந்தாலும் போட்டிருப்பேன். அது என் தப்பு, அவர் தப்பு இல்லை.

மார்ச்சில் உன் கடிதம் வந்த அன்று இரண்டு விஷயம் தெரிந்தது. பணம் போய்விட்டது. நீ என்னை நினைத்து வெட்கப்படவில்லை. ஒன்றுக்கு அழ வேண்டும், ஒன்றுக்குச் சந்தோஷப்பட வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியாமல் இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

பிரின்சியிடம் மட்டும் எனக்குச் சொல்ல வாயில்லை. நேற்று ஒரு தாளில் நடந்ததையெல்லாம் எழுதி அவளிடம் கொடுத்தேன். படித்தாள். அதன் கீழேயே, “எங்கிட்டயும் கேட்டிருக்கலாம் இல்லப்பா” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போகவில்லை.

இருபதாயிரம் அனுப்பாதே. நான் உனக்குக் கடன் கொடுத்திருந்தால் நீ திருப்பிக் கொடுக்க வேண்டும். நான் கொடுத்தது பங்கு. பங்கென்றால் லாபத்துக்கும் உண்டு, நஷ்டத்துக்கும் உண்டு. மற்ற ஐந்து பேருக்கு மாதம் இருபதாயிரம் அனுப்புகிறாயா? பிறகு என்னை மட்டும் ஏன் வெளியே நிறுத்துகிறாய்? பிரின்சிக்கு அடுத்த வருடம் சீட்டு கிடைத்து, அத்தை என்ற முறையில் ஃபீஸ் கட்டினால் கட்டு. அது வேறு. அவளிடம் கேட்டுவிட்டுக் கட்டு.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். உன் கம்பெனிக் காகிதம் எதிலும் என் பெயர் இல்லை. குப்புராஜ் பெயர்தான் இருக்கிறது. நீ ஒரு வெள்ளைத் தாளில், இந்தக் கம்பெனியில் கும்மிடிப்பூண்டி ரோலிங் மில் ஃபிட்டர் ராபினும் ஒரு பங்குதாரர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு வா. எந்த ஆபீசிலும் செல்லாது என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்போம். சாப்பிட வந்துவிடு.

உன் அண்ணன்,
ராபின்